படி, பள்ளம், வண்டி

பிப்ரவரி 2, திங்கள்

பள்ளிக்கூடத்திலிருந்து பகவதி டீச்சர் போன் பண்ணினார். எப்சிபாவுக்குப் போன மாதம் பதினெட்டு முடிந்துவிட்டதாம். பெற்றவளுக்கே சொல்கிறார். இந்த வருஷத்தோடு அவளுக்குப் பள்ளிக்கூடம் முடிகிறது. அதற்கு முன்னால் ஒரு மதிப்பீடு உண்டாம். பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே போனால் தானாகச் சமாளிப்பாளா என்று பார்ப்பார்களாம். தேறினால் ஒரு ஆஸ்பத்திரியில் துணி மடிக்கிற வேலை காத்திருக்கிறது. தேறாவிட்டால் "வேற ஏற்பாடு பாக்கணும்" என்றார். என்ன ஏற்பாடு என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

எப்சிக்கு அறிவு வளர்ச்சி குறைவு என்று சர்ட்டிபிகேட்டில் போட்டிருக்கிறது. பேச்சும் எண்ணி எண்ணித்தான் வரும். அவள் போய் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாவது.

இந்த டைரி அவள் அப்பாவுக்கு மின்வாரியத்தில் கொடுத்தது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அலமாரியில் சும்மா கிடந்தது. அச்சடித்தவனுக்கு மை தீர்ந்துவிட்டதோ என்னவோ, கோடே தெரியவில்லை. எப்சி ஸ்கேல் வைத்துக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் பட்டை பட்டையாகக் கோடு போட்டுக் கொடுத்தாள். அவளுக்கும் பொழுது போகவேண்டுமே.

யாரோ ஸ்டூலை நடுவீட்டில் போட்டிருக்கிறார்கள். முழங்காலில் நல்ல அடி. இந்த வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான். எப்சியைக் கேட்டால் "அங்ஙனயேதான் இருந்துச்சு" என்கிறாள்.

பிப்ரவரி 5, வியாழன்

டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு அட்டை. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கட்டமாம்: தானாகச் செய்கிறாள், சொன்னால் செய்கிறாள், செய்வதில்லை.

"அடுப்பு பத்த வைப்பாளாம்மா?"

"நான்தான் டீச்சர்."

"காய் வெட்டுவாளா?"

"கத்தியா? ஐயோ. நான்தான்."

"அரிசியில கல்லு பொறுக்குறது, துணி காயப்போடுறது..."

"எல்லாம் நான்தான்."

தாய் உட்கார்ந்துகொண்டு இந்தப் பிள்ளையை வேலை வாங்குகிறாள் என்று ஊர் பேசவா? பேசிக்கொண்டிருக்கும்போதே எப்சி உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். டீச்சர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் சொல்லச் சொல்லத்தான் போடுவா," என்றேன். நான் ஒன்றும் சொல்லவில்லைதான். ஆனால் சொல்ல நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

மதியம் சாளைக் குழம்பு. எப்சி முள்ளை எடுத்துவிட்டு மீனை என் தட்டில் வைத்தாள். முள் எடுப்பது அவளுக்கு ஒரு விளையாட்டு.

பிப்ரவரி 8, ஞாயிறு

சர்ச்சில் பாட்டு எண் சொன்னதும் எப்சி புத்தகத்தைப் பிரித்து என் கையில் வைத்தாள். எனக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். புத்தகம் ஒரு மரியாதைக்கு.

பிப்ரவரி 13, வெள்ளி

கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பேசினாள். நான் வரவேண்டிய தேதி எப்போதோ போய்விட்டதாம். பிள்ளைக்குப் பரீட்சை, நேரமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சொட்டு மருந்துதான் விடுகிறேனே. எப்சி விடுகிறாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்று ரோட்டுப் பரீட்சை. மதிப்பீடு செய்வதற்கென்றே தயாளன் சார் என்று ஒருவர் மதுரையிலிருந்து வந்திருந்தார். தடித்த கண்ணாடி, மெதுவான பேச்சு. பள்ளிக்கூட வாசலிலிருந்து ரோட்டைக் கடந்து, எதிர்க் கடையில் ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு எப்சி திரும்ப வேண்டும். சார் பக்கத்திலேயே நடப்பார், உதவி மட்டும் செய்யமாட்டார். என்னை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

திரும்பி வந்தார்கள். சோப்பு சரி, மீதிச் சில்லறை சரி. ஆனால் டீச்சர் முகம் சரியில்லை.

"சார் கையைப் பிடிச்சுக்கிட்டாம்மா. விடுன்னாலும் விடல. வழி பூரா 'படி, பள்ளம், வண்டி, நில்லு'ன்னு தனக்குத்தானே பேசிக்கிட்டே போறா."

சார் இன்னும் மெதுவாகச் சொன்னார். "முன்னப்பின்ன தெரியாத ஆம்பளை கையை இப்படிப் பிடிக்கிற பொண்ணை எந்த தைரியத்துல வேலைக்கு அனுப்புறது? நாளைக்கு வேற எவனாவது..." அதோடு நிறுத்திவிட்டார். அவர் நிறுத்திய இடத்திலிருந்து என் மனசு ஓட ஆரம்பித்தது. பேப்பரில் வருவதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

வழியெல்லாம் எப்சியைத் திட்டினேன்.

"ஏட்டி, ஊரான் கையைப் பிடிப்பியா?"

"படி," என்றாள். ஏறினேன்.

"பொம்பளப் பிள்ளைக்கு வெக்கம் வேண்டாமா?"

"பள்ளம்." ஒதுங்கி நடந்தேன்.

வீடு வருகிறவரை நான் திட்டியதை நிறுத்தவில்லை.

பிப்ரவரி 18, புதன்

சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. தூக்கமில்லை, அதனால்தான்.

பிப்ரவரி 25, புதன்

மதிப்பீட்டு முடிவு வந்துவிட்டது. டீச்சர் தாளை நீட்டினார். "கண்ணாடியை வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன், நீங்களே படிங்க," என்றேன். கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது. டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படித்தார். தெரியாதவர்களைச் சார்ந்து நிற்கிறாளாம். அர்த்தமில்லாத சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாளாம். வீட்டு வேலை எதுவும் தானாகச் செய்வதில்லையாம், அது நான் சொன்னது. வேலைக்கு அனுப்பும் நிலையில் இல்லை. தங்கிப் பராமரிக்கும் விடுதி நல்லது.

சென்னையில் இருக்கும் தம்பி ஆசீருக்குப் போன் பண்ணினேன். அவன் துள்ளிக் குதிக்காத குறை. "நான் எத்தனை வருஷமாச் சொல்லுதேன்? நல்ல விடுதியாப் பாத்துச் சேத்துரலாம்க்கா. நீ எங்ககூட வந்துரு. ஒத்தையில கிடந்து என்னத்துக்குக் கஷ்டப்படுத?"

நான் ஒத்தையில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

எப்சி ஏன் கையைப் பிடித்தாள் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.

மார்ச் 7, சனி

ஆசீர் வந்து கார் பிடித்து விடுதிக்குக் கூட்டிப்போனான். கோவில்பட்டி தாண்டி உள்ளே போகவேண்டும். குறை சொல்ல ஒன்றுமில்லை. பினாயில் மணம், வேளாவேளைக்குச் சாப்பாடு. பெண்கள் வரிசையாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"இங்க பிள்ளைங்க எந்த வேலையும் செய்யவேண்டாம்மா," என்றார் வார்டன். தங்கமான மனுஷி. "சும்மா இருந்தாப் போதும்."

வயதான ஒரு பெண் எழுந்திருக்கத் தடுமாறினாள். எப்சி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "கை பிடிக்கக் கூடாது கண்ணு, உக்காரு," என்று வார்டன் அன்பாகத்தான் சொன்னார். எப்சி உட்கார்ந்தாள். தன் இரண்டு கையையும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நாங்கள் கிளம்புகிறவரை எடுக்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. எப்சி என் பக்கத்தில்தான் இருந்தாள், இருந்தும் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்த மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லவேண்டுமாம்.

மார்ச் 8, ஞாயிறு

பயமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது.

உண்மையைச் சொன்னால் எப்சி விடுதிக்குப் போகவேண்டாம். ஆனால் ஆசீர் சும்மா இருப்பானா? பதினெட்டு முடிந்ததால் எப்சிக்குச் சட்டப்படி பாதுகாவலர் யார் என்று பதியவேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். "உன்னையே ஒருத்தர் பாக்கணும், நீ எங்க இவளைப் பாக்க?" என்று அவன் பெயரைப் போடச் சொல்வான். போட்ட மறுநாள் அதே விடுதி. சொல்லாவிட்டாலும் அதே விடுதி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

ஒரு வழி தோன்றியிருக்கிறது. கை பிடிப்பதையும் அந்தப் பேச்சையும் எப்சி விட்டுவிட்டால் போதும். மறுபடியும் பார்க்கச் சொல்லலாம். நானே பழக்கிவிடுகிறேன். யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியதில்லை.

மார்ச் 10, செவ்வாய்

இடது கால் வீங்கிக் கிடக்கிறது. கட்டிலில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன்.

சாயங்காலம் எப்சியைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். "இன்னைக்கு அம்மா கையைப் பிடிக்கக் கூடாது. வாயத் திறக்கக் கூடாது. படி, பள்ளம் ஒண்ணும் சொல்லக் கூடாது. சொன்னா அம்மா பேசமாட்டேன்," என்றேன். அவள் முகம் சுருங்கிப்போனது. "அம்மா..." என்றாள். "மூச்!" என்றேன்.

கொஞ்ச தூரம் நடந்தோம். அவள் விசும்புகிற சத்தம் மட்டும் பக்கத்தில் கேட்டது. பரவாயில்லை, கற்றுக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த அடியில் கீழே தரை இல்லை.

பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய குழி. ஆழம் அதிகமில்லை, இடுப்பளவு. சேறு. கால் மடங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். நேர் மேலே எப்சி நின்றாள். இரண்டு கையாலும் வாயை அழுத்தி மூடிக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் விரல் மேலாக வழிகிறது, கையை மட்டும் எடுக்கவில்லை. நான் விழப்போவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லாதே என்றேன், சொல்லவில்லை.

"பேசுட்டி, பேசு," என்று கத்தினேன்.

"பள்ளம்," என்றாள்.

மார்ச் 12, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

பக்கவாட்டில் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. கீழேயும் தெரிவதில்லை. நேராக மட்டும், ஒரு குழாய்க்குள் பார்ப்பது மாதிரி. மங்கலான எழுத்து தெரியாது, பஸ் எண் தெரியாது. கண்ணுக்குள் பிரஷர் என்றார் டாக்டர். போனது திரும்பாது, இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது வாசற்படியில் தடுக்கினேன். எப்சி என் கையைப் பிடித்து "படி" என்றாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரண்டு வருஷமாக நான் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று தெருவே சொல்கிறது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். காய், அரிசியில் கல், துணி, எல்லாம் அவள்தான். எல்லாவற்றுக்கும் "நான்தான்" என்று டீச்சரிடம் சொன்னேன். அந்தக் கட்டங்களில் என் பிள்ளையைத் தோற்கடித்தது தயாளன் சார் இல்லை.

திங்கட்கிழமை போய்ச் சொல்லப்போகிறேன்.

மார்ச் 16, திங்கள்

சொல்லிவிட்டேன். வேறு பிள்ளைகளின் மதிப்பீட்டுக்காகத் தயாளன் சாரும் வந்திருந்தார். இரண்டு பேர் முன்னாலும் சொன்னேன்.

"கண்ணாடியை மூக்குல வச்சுக்கிட்டே வீட்டுல இருக்குன்னீங்களே, அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சும்மா," என்றார் டீச்சர். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என் பிள்ளையை எங்கிட்ட விடுவீங்களா?" என்றேன். அழுகை வந்துவிட்டது. "சார் பக்கத்துல நடந்தீங்க. அதான் உங்களுக்கும் வழி காட்டியிருக்கா. எங்கூட ஒரு தடவை அவளை நடக்க விட்டுப் பாருங்க."

சார் எழுந்தார்.

நானும் எப்சியும் முன்னால், அவர்கள் இருவரும் பின்னால். நொண்டிக்கொண்டே நடந்தேன். கைக்குள் அவள் கை வந்ததும் என் பயம் பாதியாகிவிட்டது. "படி, எறங்கு. கல்லு. பள்ளம், இங்ஙன வா." ரோட்டு ஓரத்தில் "வண்டி, நில்லு" என்று என் மணிக்கட்டை இறுக்கினாள். ஒரு பஸ் போனது, ஒரு பைக் போனது. "இப்ப வா." கடந்துவிட்டோம். யாரோ பின்னால் மூக்கை உறிஞ்சினார்கள். டீச்சராகத்தான் இருக்கும்.

அடுத்து சார் எப்சியைத் தனியாகவே போகச் சொன்னார். பக்கத்தில் யாரும் இல்லை. அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்தாள், சோப்பு வாங்கினாள், வந்தாள். "வாயே திறக்கலம்மா," என்றார் டீச்சர். சொல்வதற்குப் பக்கத்தில் யாரும் இல்லையே, எதற்குச் சொல்லவேண்டும்?

"அன்னைக்கு என் கையை ஏம்மா பிடிச்சே?" என்று சார் எப்சியிடமே கேட்டார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "சார் கண்ணாடி போட்டிருக்காவ."

"ஆமா. அதுக்கு?"

"அம்மாவும் போட்டிருக்கா. கண்ணாடி போட்டா தெரியாதுல்லா?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

மார்ச் 20, வெள்ளி

ஆசீருக்கும் சொல்லிவிட்டேன். பயந்ததில் ஒன்றுகூடத் தப்பவில்லை. "கண்ணு தெரியாம ஒரு பொம்பளப் பிள்ளையை வச்சுக்கிட்டு ஒத்தையில இருக்கியா? நாளைக்கு ஒண்ணுன்னா யாருக்கா பதில் சொல்ல?" என்று கத்தினான். கத்தி முடித்துவிட்டு அவனும் அழுதான். பாதுகாவலராக நான்தான் இருப்பேன், வேண்டுமானால் உன் பெயரையும் சேர்க்கமுடியுமா என்று டீச்சர் விசாரிக்கிறார், ஆனால் விடுதிப் பேச்சு எடுத்தால் உன் பெயர் கிடையாது என்றேன்.

ஏப்ரல் 9, வியாழன்

எப்சி தேறிவிட்டாள். ஜூன் ஒன்றாம் தேதி வேலை. மே மாதம் முழுக்க டீச்சர் அவளை பஸ்ஸில் பழக்குவார். சலவைக்கூடத்துக்குப் பொறுப்பானவர் ஒரு பெண்தான், டீச்சருக்குத் தெரிந்தவர். தெருவில் இரண்டு வீட்டுக்கு லட்டு கொடுத்தேன்.

லட்டு கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். அதுவரை இந்த வீட்டில் நான் மட்டும்.

கண் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தோம். டாக்டர் திட்டினார். பார்வை இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறதாம்.

மே 26, செவ்வாய்

எழுத வெட்கமாக இருக்கிறது. இன்று எப்சியிடம், "வேலைக்குப் போவாண்டாம்ட்டி. அம்மாவுக்குப் பயமா இருக்கு," என்றேன். விடுதிக்கு அனுப்பக் கூடாது என்று அத்தனை பாடுபட்டவள், நானே அவளைக் கட்டிப்போடப் பார்க்கிறேன். அவளுக்குச் சீருடை வந்துவிட்டது, நீலச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டு நின்றவளிடம்தான் அப்படிச் சொன்னேன்.

எப்சி யோசித்தாள். என் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனாள். பிறகு கையை விட்டுவிட்டாள்.

"நீ சொல்லு," என்றாள்.

"என்னத்த?"

"சத்தமா சொல்லு. சொன்னா விழமாட்ட."

காலால் தடவிப் பார்த்தேன். "படி," என்றேன். இறங்கினேன். "இன்னொண்ணு," என்றாள். "படி," என்றேன். தெருமுனை வரை என்னைச் சொல்லவைத்துவிட்டாள். தப்பாகச் சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து. பகவதி டீச்சர்கூட இவ்வளவு கண்டிப்பு இல்லை.

மே 31, ஞாயிறு

கண் டாக்டர் எழுதிக்கொடுத்த வெள்ளைக் கோலைப் பிரித்துப் பார்த்தேன். திரும்ப மடக்கி வைத்துவிட்டேன். திரும்ப எடுத்து வாசலில் சாய்த்தேன்.

ஜூன் 1, திங்கள்

பஸ் நிறுத்தம் வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். பஸ் வந்தது. நீலச் சட்டை படியேறுவது நேராகத் தெரிந்தது, அதுமட்டும் நன்றாகத் தெரிந்தது. ஜன்னலிலிருந்து "அம்மா, சொல்லணும்!" என்று கத்தினாள். பஸ் போய்விட்டது.

ரோட்டோரத்தில் கோலை ஊன்றிக்கொண்டு நின்றேன். எத்தனை நேரம் நின்றேனோ. ஒரு அடி எடுத்துவைக்கக் கால் வரவில்லை. சுற்றிலும் சத்தம், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாத சத்தம். திரும்பி வரச்சொல்லிப் போன் பண்ணலாமா என்றுகூடத் தோன்றியது.

"கல்லு," என்றேன். குரலே எழும்பவில்லை. கோலால் தட்டிப் பார்த்துவிட்டு இன்னும் சத்தமாக, "கல்லு!" பிறகு "பள்ளம்." பிறகு "வண்டி, நில்லு." நின்றேன். அது போனது. "இப்ப வா," என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

பலசரக்குக் கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "யாருகிட்ட யக்கா பேசுதிய?"

"எனக்குத்தான் சொல்லுதேன்," என்றேன். அவர் என்ன நினைத்தாரோ. அர்த்தமில்லாத சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள் என்று எழுதிக்கொள்ளட்டும்.

வாசலில் "படி" என்று சொல்லி ஏறினேன். உள்ளே வந்து ஸ்டூலைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தேன். அது அங்கேயேதான் இருந்தது. உடம்பெல்லாம் வேர்வை. நாளைக்கும் இதே வழி.

சாயங்காலம் எப்சி வந்தாள். அவளிடமிருந்து சோப்பு மணம் அடித்தது. வேலை எப்படி இருந்தது என்று நான் கேட்பதற்குள் தரையில் உட்கார்ந்து என் சேலையைக் கொஞ்சம் உயர்த்தி, முழங்கால் இரண்டையும் தடவிப் பார்த்தாள். பாதத்தையும் பார்த்தாள்.

புதுக் காயம் ஒன்றும் இல்லை.

"சரி," என்று எழுந்து போய் டீ போட்டாள்.